நெற்றியில் உப்பு
மாறாத நோயோடு வாழ்ந்தோருக்கு வைத்தியரும் தாதியரும் துணை நின்ற கதை

வந்து போகும் நோய் உண்டு. வந்து எம்மோடு குடியிருக்கும் நோயும் உண்டு. காய்ச்சலுக்கும் வயிற்றோட்டத்துக்கும் வைத்தியசாலைக்குப் போகிறோம். ஒரு கிழமையில் சுகமாகி அதை மறந்தும் விடுகிறோம். ஆனால் நீரிழிவு, தொய்வு, வலிப்பு, இருதய நோய், தலசீமியா போன்றவை அப்படியல்ல. அவை குடும்பத்தில் இன்னுமோர் ஆளாக இருந்துவிடுகின்றன. வீட்டையும் வயலையும் மாட்டையும் விட்டு இடம்பெயர்ந்த குடும்பங்களால் இந்த நோயை மட்டும் விட்டுவர முடியவில்லை. போன இடமெல்லாம் அதுவும் கூடவே வந்தது.

வைத்தியசாலை என்று பேச்செடுத்தால் எம்மவரிடையே முறைப்பாடுகள்தாம் முதலில் வரும். விடியமுன் போய் வரிசையில் நின்றது, மருந்து முடிந்துவிட்டது என்று அனுப்பியது, ஒரு கேள்வி கேட்டதற்கு ஏச்சு வாங்கியது என்று பல கதைகள். அவற்றில் உண்மை உண்டு. அதை மறைக்க நாம் விரும்பவில்லை. ஆயினும் நல்லது நடந்த இடம் ஒன்றைப் பார்த்து, அது எவ்வாறு நடந்தது என்று அறிந்துகொண்டால்தான் எமது இடத்திலும் அதைக் கேட்டுப் பெறலாம். இம்முறை அப்படியான ஒரு கதையையே சொல்ல வருகிறோம்.

இது சிஸ்ரிக் பைப்ரோசிஸ் என்னும் நோயின் கதை. ஐரோப்பிய, அமெரிக்க மக்களிடையே கூடுதலாகக் காணப்படும் பரம்பரை நோய் இது. எமது பகுதிகளில் அரிது. எனினும் வைத்தியர், தாதி, தாய், தகப்பன், நோயாளி ஆகிய எல்லோரும் ஒரே பக்கத்தில் நின்று ஒரு கொடிய நோயைப் படிப்படியாகப் பின்தள்ளியதை இந்த நோயின் கதை தெளிவாகக் காட்டுகிறது.

நோய் என்ன?

எமது உடலின் உள்ளுறுப்புகள் பலவற்றில் மெல்லிய ஈரப்பசை உண்டு. உப்பும் நீரும் அளவோடு வந்து போவதால் அந்த ஈரம் இளக்கமாக இருக்கிறது. இந்த நோயுள்ள பிள்ளையின் உடலில் உப்பு போய்வரும் வழி பழுதாகப் பிறக்கிறது. அதனால் சுவாசப்பையில் சளி பசைபோலத் தடித்து நிற்கும். கிருமிகள் அதில் குடியேறும். இருமல் நீங்காது. சதையியின் குழாய் அடைபடுவதால் உண்ட கொழுப்புச் சமிபாடு அடையாது. பிள்ளை நன்றாகச் சாப்பிட்டும் மெலியும். மலம் எண்ணெய்ப் பசையாகவும் கடும் நாற்றத்துடனும் போகும். வியர்வையில் வழமையை விட அதிக உப்பு இருக்கும்.

தாயிடமிருந்து ஒன்றும் தகப்பனிடமிருந்து ஒன்றுமாக இரண்டு பழுதான பரம்பரை அலகுகள் சேர்ந்தால் மாத்திரமே நோய் வரும். ஒன்றை மட்டும் உடையவர் சுகதேகியாகவே இருப்பார். அவ்வாறான இருவர் மணமுடித்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரக்கூடிய வாய்ப்பு நான்கில் ஒன்று. எமது நாட்டில் நாம் அறிந்த தலசீமியாவும் இதே வழியில்தான் வருகிறது. ஆகவே இது எவருடைய பாவத்தின் சம்பளமும் அல்ல, செய்வினையும் அல்ல, தாயின் குற்றமும் அல்ல. இதை முதலில் மனதில் பதித்துக்கொள்வோம்.

தாய்மார் முன்பே அறிந்திருந்தனர்

ஐரோப்பாவின் நாட்டுப்புறங்களில் ஒரு பழைய நம்பிக்கை இருந்தது. பிள்ளையின் நெற்றியில் முத்தமிடும்போது உப்புக் கரித்தால் அந்தப் பிள்ளை நெடுநாள் வாழாது என்று கிழவிகள் சொல்லி வந்தார்கள். அதற்குச் சூனியத்தைக் காரணம் காட்டினார்கள். அவர்கள் சொன்ன காரணம் பிழை. ஆனால் அவர்கள் நாவில் பட்ட உப்பு உண்மை.

படித்த வைத்தியம் அந்த உண்மையை வந்தடையப் பல நூற்றாண்டுகள் சென்றன. 1938 இல் நியூயோர்க்கில் டொறத்தி அண்டர்சன் என்ற பெண் வைத்தியர், இறந்த குழந்தைகளின் சதையியை நுணுகி ஆராய்ந்து, இது தனியான ஒரு நோய் என்று முதன்முதலில் தெளிவாக எழுதினார். 1948 இல் அந்நகரைக் கடும் வெப்பம் தாக்கியது. வெப்பத்தால் சோர்ந்து வைத்தியசாலைக்கு வந்த பிள்ளைகளில் இந்நோய் உள்ளவர்கள் அதிகமாக இருப்பதை, அண்டர்சனோடு பணியாற்றிய போல் டி சான்ற் அக்னீஸ் என்ற வைத்தியர் கவனித்தார். அதைத் தற்செயல் என்று தள்ளிவிடாமல் ஏன் என்று கேட்டார். வியர்வையில் உப்பு மிகுந்து வெளியேறுகிறது என்ற விடை கிடைத்தது. 1959 இல் வியர்வையைச் சேகரித்து உப்பை அளக்கும் பாதுகாப்பான பரிசோதனை வந்தது. இன்றுவரை இந்த நோயை உறுதிப்படுத்தும் முதன்மைப் பரிசோதனை அதுவே.

தாயின் கண்ணுக்கும் கைக்கும் தெரிவது வைத்தியரின் கருவிக்கு முன்பே தெரியக்கூடும். அதைத் தாய் சொல்ல வேண்டும். வைத்தியர் கேட்க வேண்டும். இந்த நோயில் கிடைத்த நன்மைகள் பலவும் இந்த இரண்டும் நடந்த இடங்களிலேயே கிடைத்தன.

பெற்றோரும் வைத்தியரும் சேர்ந்த வேளை

1950 களில் இந்த நோயோடு பிறந்த பிள்ளைகளில் பெரும்பாலானோர் பாடசாலை செல்லும் வயதை எட்டவில்லை. 1955 இல் அமெரிக்காவில் பெற்றோர் ஒன்றுகூடி ஒரு சங்கம் அமைத்தனர். 1957 இல் கிளீவ்லன்ட் நகரில் லீரோய் மத்தியூஸ் என்ற இளம் வைத்தியர் இப்பிள்ளைகளுக்கென ஒரு திட்டத்தைத் தொடங்கினார். பிள்ளை நோயில் விழும்வரை அவர் காத்திருக்கவில்லை. சுகமாக இருக்கும் நாளிலேயே வைத்தியம் செய்ய வேண்டும் என்றார். தினமும் நெஞ்சிலும் முதுகிலும் தட்டிச் சளியை இளக்கி வெளியேற்றப் பெற்றோருக்குப் பழக்கினார்.

அவருடைய பிள்ளைகள் நெடுநாள் வாழ்கிறார்கள் என்ற செய்தியைப் பலர் நம்பவில்லை. 1964 இல் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வொறன் வார்விக் என்ற வைத்தியர் நாட்டிலிருந்த 31 நிலையங்களின் விபரங்களைத் திரட்டினார். பிற இடங்களில் பிள்ளைகள் ஏறத்தாழ 3 வயதில் இறந்துகொண்டிருக்க, மத்தியூசிடம் வந்தவர்கள் ஏறத்தாழ 21 வயதுவரை வாழக்கூடிய நிலையில் இருந்தமை தெரியவந்தது. அப்போது நோயின் மூலப் பழுதைச் சீராக்கும் மருந்து எதுவும் வந்துவிடவில்லை. தாய் தகப்பனின் கையைத் தட்டப் பழக்கியதும், தவறாமல் தொடர்ந்து பார்த்ததும் இந்த வேறுபாட்டுக்குப் பெரிதும் உதவின.

"நீ" என்னாமல் "நாம்" என்ற வைத்தியர்

அதே வார்விக் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக மினியாப்பொலிஸ் நகரில் இந்த நோயாளரைப் பார்த்து வந்தார். அவரிடம் வந்த ஒரு மாணவியின் கதையை அதுல் கவாண்டே என்ற வைத்தியர் 2004 இல் எழுதிய கட்டுரை ஒன்றில் காணலாம்.

அந்தப் பிள்ளைக்கு வயது 17. தனக்குச் சுகமாகவே இருக்கிறது என்றாள். ஆனால் சுவாசப்பையின் வலு முன்னைய அளவிலிருந்து குறைந்திருந்ததைப் பரிசோதனை காட்டியது. வார்விக் அவளை ஏசவில்லை. என்ன மாறியது என்று பொறுமையாக ஒவ்வொன்றாகக் கேட்டார். கேட்கக் கேட்க உண்மை வந்தது. அவளுக்கு இரவில் வேலை கிடைத்திருந்தது. வாழ்க்கையில் வேறு மாற்றங்களும் வந்திருந்தன. பாடசாலையிலோ ஒவ்வொரு முறையும் தாதியிடம் போய்த்தான் மருந்து எடுக்க வேண்டும் என்று புதுச் சட்டம். அந்தத் தொந்தரவால் மருந்தை விட்டுவிட்டாள்.

வார்விக் ஒரு கணக்குச் சொன்னார். சிகிச்சை செய்யாத ஒரு நாளில் நோய் முற்றக்கூடிய வாய்ப்பு 0.5 வீதம். செய்தால் 0.05 வீதம். ஒரு நாளைக்குப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் 365 நாளும் சேர்ந்தால், சிகிச்சை செய்தவர் ஆண்டு முழுதும் நோய் முற்றாதிருக்க 83 வீத வாய்ப்பு உண்டு. செய்யாதவருக்கு 16 வீதமே.

கமக்காரருக்கு இது விளங்காத கணக்கல்ல. ஒரு நாள் குளக்கட்டைச் சுற்றிப் பார்க்காமல் விட்டால் கட்டு உடைந்துவிடாது. அதனாலேயே மறுநாளும் விடத் தோன்றும். மாரி முழுதும் பார்க்காமல் விட்டவனின் வயலுக்கு என்ன நடக்கும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

அதன்பின் அவர் அவளைத் தனியே விட்டுவிடவில்லை. தவறு அவளுடையது என்று சொல்லாமல், நாம் இருவரும் இதில் தவறிவிட்டோம் என்ற பொருளிலேயே பேசினார். பாடசாலை முடிந்ததும் சிநேகிதி வீட்டில் வைத்துச் சிகிச்சை செய்வது, மருந்தைத் தன் பையிலேயே வைத்திருந்து வேளைக்கு எடுப்பது, முதலில் சில நாள் வைத்தியசாலையில் தங்கி இழந்த வலுவை மீட்பது என்று இருவரும் கூடி வழி கண்டனர்.

நற்செய்தியில் எரிக்கோ வீதியோரம் இருந்து கூவிய பர்த்திமேயுவை இயேசு அழைக்கிறார். அவன் பார்வையற்றவன் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆயினும் தாம் அவனுக்கு என்ன செய்ய வேண்டும் என்று அவனிடமே கேட்கிறார். குணமாக்குமுன் கேட்டார். நல்ல வைத்தியர் செய்வதும் அதுவே.

தாதியின் கை

இந்த நோயில் மனதை வருத்தும் ஒரு விதி உண்டு. ஒரு நோயாளியின் நெஞ்சிலுள்ள கிருமி இன்னொரு நோயாளிக்குத் தொற்றிப் பெருங்கேடு செய்யும். இது 1980 களிலும் 1990 களிலும் தெளிவாகத் தெரிந்தபின், இந்நோயுள்ள பிள்ளைகள் ஒன்றுகூடிய விடுமுறை முகாம்கள் நிறுத்தப்பட்டன. ஒரே துன்பம் உடையவர்கள் ஒரே அறையில் இருந்து பேசவும் முடியாது. இவ்வாறு தனித்துப்போன நோயாளருக்குத் தாதியே தோழியானாள்.

பிரித்தானியாவில் பிறந்த குழந்தையின் குதிக்காலில் ஐந்தாம் நாளளவில் சில துளி இரத்தம் எடுத்து இந்த நோயைத் தேடுகிறார்கள். 2007 முதல் நாடு முழுவதும் இது நடைபெறுகிறது. நோய் உறுதியானால் இதற்கென்றே பயிற்சி பெற்ற தாதி குடும்பத்தோடு தொடர்பு வைத்துக்கொள்கிறார். உணவோடு சமிபாட்டு மருந்தை எவ்வாறு கொடுப்பது, எந்த இருமலுக்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்படத் தேவையில்லை என்று சொல்லிக்கொடுக்கிறார். நாளத்தின் வழியே மருந்து ஏற்ற வேண்டி வரும்போது, தகுந்த குடும்பங்களுக்கு அதை வீட்டிலேயே செய்யப் பழக்குகிறார்கள். பிள்ளை வைத்தியசாலைக் கட்டிலில் கிடக்காமல் தன் வீட்டில் இருக்கிறது.

இந்த நோயாளர் சிகிச்சைக்காக நாள்தோறும் இரண்டு மணி நேரம்வரை செலவிட வேண்டியுள்ளது. இதை எந்த வைத்தியரும் வந்து செய்ய முடியாது. வீட்டிலுள்ளோரே செய்ய வேண்டும். ஆகவே தாதி வாயால் சொல்வதோடு நிற்பதில்லை. தான் செய்து காட்டி, தாயைச் செய்யவிட்டுப் பார்த்து, பிழையைத் திருத்திய பின்பே அனுப்புகிறார். ஐந்து நிமிடம் கூடுதலாகச் செலவிடும் தாதி ஐந்து மாத வேதனையைக் குறைக்கிறார்.

உண்மை பேசிய வைத்தியசாலை

சின்சினாற்றி நகரின் சிறுவர் வைத்தியசாலை 2001 அளவில் துணிவான ஒரு காரியம் செய்தது. நாட்டிலுள்ள நிலையங்களுள் தமது நிலையத்தின் பெறுபேறு மேலானதாக இல்லை என்பதை அறிந்த வைத்தியர்கள், பெற்றோரை அழைத்து அதை அவர்களிடமே சொன்னார்கள். பெற்றோர் கோபித்துக்கொண்டு வேறிடம் போய்விடுவார்கள் என்ற பயம் இருந்தது. ஒரு குடும்பமும் போகவில்லை. திருத்துவதற்குத் தாங்கள் என்ன செய்யலாம் என்றே பெற்றோர் கேட்டனர். பெற்றோரும் அமர்ந்த குழுக்கள் அமைந்தன. வேலை திருந்தியது.

உண்மை சொன்னால் நம்பிக்கை குறையும் என்று பலர் எண்ணுகிறார்கள். இங்கு உண்மையே நம்பிக்கையைக் கூட்டியது. இது வைத்தியசாலைக்கு மட்டுமல்ல, எமது கிராம அபிவிருத்திச் சங்கங்களுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும், திருச்சபை நடத்தும் வேலைத்திட்டங்களுக்கும் பொருந்தும்.

இன்றைய நிலை

1989 இல் ரொறன்ரோவையும் மிச்சிகனையும் சேர்ந்த ஆராய்ச்சியாளர் பழுதான பரம்பரை அலகைக் கண்டுபிடித்தனர். 2012 இல் அந்தப் பழுதையே ஓரளவு சீராக்கும் முதல் மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2019 இல் மூன்று மருந்துகள் சேர்ந்த குளிசை வந்தது. படுக்கையில் கிடந்த பலர் வேலைக்குப் போகவும், மணமுடிக்கவும் தொடங்கினர். இன்று அமெரிக்காவில் இந்நோயோடு பிறக்கும் பிள்ளையின் எதிர்பார்க்கப்படும் ஆயுள் 60 ஐத் தாண்டிவிட்டது.

ஆயினும் அந்தக் குளிசைக்கு அமெரிக்காவில் குறிக்கப்பட்ட விலை ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு மூன்று இலட்சம் டொலருக்கு மேல். வறிய நாட்டுப் பிள்ளை எங்கே போவது? நோய்க்கு எல்லைக்கோடு இல்லை; மருந்துக்கு இருக்கிறது. இந்த அநீதியைச் சொல்லாமல் விடுவது எமக்குத் தகாது.

தெற்காசியாவில் இந்த நோயே இல்லை என்று நெடுங்காலம் எண்ணப்பட்டது. தேடாததால் காணவில்லை என்பதே உண்மை. டில்லியிலுள்ள அகில இந்திய மருத்துவ விஞ்ஞான நிறுவகத்தின் பிள்ளை வைத்தியர்கள் விலையுயர்ந்த கருவிக்குக் காத்திராமல், உள்நாட்டிலேயே செய்த சாதனத்தால் வியர்வையைச் சோதித்து நோயை இனங்கண்டு பராமரித்து வருகிறார்கள். இலங்கையிலும் சில பிள்ளைகளிடம் இது கண்டறியப்பட்டுள்ளது. பணம் குறைந்த இடத்திலும் கேட்கும் காதும் தேடும் மனமும் இருந்தால் வழி பிறக்கும்.

எமக்கு என்ன பயன்?

நாம் மேலே கண்ட நன்மைகளில் பல பணத்தால் வந்தவை அல்ல. கேட்டதாலும், சொன்னதாலும், பழக்கியதாலும், தொடர்ந்து செய்ததாலும் வந்தவை. அவை எமது மாவட்ட வைத்தியசாலையிலும் கிராமத்துக் கிளினிக்கிலும் நடக்கலாம். அதற்கு எமது பங்கும் வேண்டும். நீண்ட நோயுள்ளவர் இருக்கும் குடும்பங்களுக்குச் சில யோசனைகளைக் கூறுகிறோம்.

1. கிளினிக் கொப்பியையும், பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டையும், மருந்துத் துண்டுகளையும் ஒரு பொலித்தீன் பையில் சேர்த்துக் கட்டி, அடையாள அட்டையும் காணி உறுதியும் இருக்கும் இடத்திலேயே வையுங்கள். அவசரத்தில் எடுத்துக்கொண்டு ஓட வேண்டியவற்றுள் அதுவும் ஒன்று. கைத்தொலைபேசி உள்ளவர்கள் பக்கங்களைப் படம் எடுத்து வைக்கலாம். புதிய இடத்து வைத்தியருக்கு அந்தக் கொப்பியே நீங்கள் வந்த வழியைச் சொல்லும்.

2. மருந்தை விட்டிருந்தால் விட்டோம் என்று சொல்லுங்கள். காரணத்தையும் சொல்லுங்கள். பஸ் காசு இல்லை, அரிவு வெட்டுக் காலம், கூலி வேலையில் லீவு இல்லை என்பவை வெட்கப்பட வேண்டிய காரணங்கள் அல்ல. உண்மை தெரியாத வைத்தியர் மருந்து வேலை செய்யவில்லை என்று எண்ணி அளவைக் கூட்டிவிடுவார். உண்மை தெரிந்தால் இரண்டு மாத மருந்தை ஒன்றாகத் தர முடியுமா என்றாவது பார்ப்பார்.

3. போகுமுன் கேட்க வேண்டிய மூன்று கேள்விகளைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். எழுத வராதவர்கள் பாடசாலை போகும் பிள்ளையைக் கொண்டு எழுதுவியுங்கள். வைத்தியர் பேசும் மொழி விளங்காவிட்டால் தலையாட்டிவிட்டு வராமல், மொழி தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துச் செல்லுங்கள்.

4. தாதி ஒன்றைக் காட்டித்தந்தால், "மிஸ், நான் ஒருக்காச் செய்து காட்டட்டா?" என்று கேளுங்கள். அவர் முன்னிலையில் செய்த வேலை வீட்டில் பிழைக்காது.

5. நீங்கள் கண்டதைச் சிறிதென்று எண்ணாமல் சொல்லுங்கள். நீங்காத இருமல், சாப்பிட்டும் நிறை கூடாமை, எண்ணெய்ப் பசையான மலம், முத்தமிடும்போது கடும் உப்பு ஆகியவை ஒரு பிள்ளையில் சேர்ந்து காணப்பட்டால் வைத்தியரிடம் அப்படியே சொல்லுங்கள். பெரும்பாலும் காரணம் வேறாகவே இருக்கும். ஆனாலும் தேடிப் பார்க்க வேண்டியவர் அவர். எடுத்துச் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

6. நல்லது செய்த வைத்தியருக்கும் தாதிக்கும் குடும்பநல மாதுக்கும் நன்றி சொல்லுங்கள். அவர்களிலும் பலர் எம்மைப்போலவே ஊரை இழந்தவர்கள். சண்டைக் காலத்தில் மின்சாரமும் மருந்தும் இல்லாத இடங்களிலும் பணியை விடாதவர்கள் அவர்களுள் இருந்தனர். முறைப்பாட்டுக்கு ஒரு கடிதம் எழுதும் சங்கம் பாராட்டுக்கும் ஒரு கடிதம் எழுதட்டும்.

வாசிப்போருள் வைத்தியர்களும் தாதியரும் இருந்தால் அவர்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் முன் நிற்கும் கமக்காரத் தாய் விடியற்காலை முதல் பஸ்ஸில் வந்தவள். அன்றைய கூலியை இழந்து வந்தவள். அவளை முதலில் இருக்கச் சொல்லுங்கள். ஏன் வரவில்லை என்று அதட்டுமுன், வருவதற்கு என்ன தடை என்று கேளுங்கள். சொற்கள் சிலவே மாறுகின்றன. ஆனால் அடுத்த மாதம் அவள் திரும்பி வருவாளா, வரமாட்டாளா என்பது அந்தச் சொற்களிலேயே தங்கியிருக்கிறது.

குளத்தின் துருசைத் திறப்பவர் ஒருவர். வாய்க்காலைத் துப்புரவாக வைத்திருப்பவர்கள் பலர். இரண்டில் ஒன்று தவறினாலும் தண்ணீர் பயிருக்கு வந்து சேராது. நீண்ட நோயிலும் அப்படியே. வைத்தியரும் தாதியும் துருசைத் திறக்கட்டும். குடும்பமும் அயலும் சங்கமும் வாய்க்காலைப் பார்த்துக்கொள்வோம். உங்கள் அடுத்த சங்கக் கூட்டத்தில், ஊரில் நீண்ட நோயோடு இருப்பவர்கள் யார், அவர்களில் கிளினிக்குக்குப் போவதை நிறுத்தியவர் யார், ஏன் நிறுத்தினார் என்ற மூன்று கேள்விகளையும் எடுத்துப் பேசுங்கள். ஒருவரையாவது மீண்டும் கிளினிக்குக்கு அழைத்துச் சென்றால் அதுவே பெரும் தொண்டு.